ரிச்மண்ட் பார்க்கில் ஜிபிஎஸ் புதையல் வேட்டை: கடைசிப் பத்து மீட்டரில் போனைப் பையில் போடுங்கள்

லண்டனில் காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைக்கும் காட்சிகளில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. ரிச்மண்ட் பார்க்கின் மேற்கு ஓரத்தில் கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்று ஒரு மண்மேடு. அதன் உச்சியில் அடர்ந்த ஹாலிச் செடி வேலி, வேலியில் வெட்டிவிட்ட ஓர் ஓட்டை, பக்கத்தில் இலவசத் தொலைநோக்கி. கண்ணை வைத்தால் மரங்களுக்கு நடுவே விட்டிருக்கும் சந்து வழியாக, 10 மைலுக்கு அப்பால் இருக்கும் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் சட்டம் போட்ட படம் மாதிரி நிற்கிறது. இந்தக் காட்சியைக் கட்டடம் எதுவும் மறைத்துவிடக் கூடாது என்று லண்டனில் விதியே போட்டுப் பாதுகாக்கிறார்கள். அப்படியும் 2016 வாக்கில் கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் எழும்பிய ஓர் உயரமான குடியிருப்புக் கோபுரம் குவிமாடத்துக்குப் பின்னால் தலைநீட்டிவிட்டது. முன்னால் மறைத்தால்தானே குற்றம், பின்னால் நின்றால் என்ன என்ற கணக்கு போல.

மேட்டிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி நடப்பவர்களில் பாதிப் பேர் இந்த ஓட்டையைப் பார்க்காமலே போய்விடுவார்கள். இங்கே ஜிபிஎஸ் புதையல் வேட்டையின் பயன் அதுதான்: சரியான இடத்தில் உங்களை நிறுத்தி, "இங்கே ஏதோ இருக்கிறது, தேடு" என்று சொல்வது.

இந்த வேட்டைக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். தெரியாதவர்களுக்கு: ஒருவர் பெட்டியை ஒளித்து அட்சரேகை, தீர்க்கரேகையைப் போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கலங்கலாக்கி வந்ததை நிறுத்தியது. மறுநாளே, மே 3-ல், ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் முதல் வாளியைப் புதைத்துவிட்டார். பெட்டியே இல்லாத வகையும் உண்டு. சொன்ன இடத்துக்குப் போய், அங்கே கண்ணில் படுவதை எண்ணியோ படித்தோ விடை கண்டுபிடித்து, அந்த எண்களைக் கோர்த்து அடுத்த இடத்துக்குப் போவது.

ரிச்மண்டுக்குப் பெட்டியில்லாத வகையைத்தான், அதுவும் கேள்விகளை நீங்களே தயாரித்து வைக்கும்படி, பரிந்துரைப்பேன். 955 ஹெக்டேர், 630 மான்கள், நூற்றுக்கணக்கான வருஷத்து ஓக் மரங்கள் என்று இது தேசிய இயற்கைக் காப்பகம். விழுந்த மரத்தைக்கூட அகற்றாமல் போட்டிருப்பார்கள். அந்த மக்கிய கட்டைக்குள்தான் ஸ்டாக் பீட்டில் வண்டின் புழு வருஷக்கணக்கில் வளர்கிறது. பெட்டி இருக்கிறதா என்று அந்தக் கட்டையைப் புரட்டுகிறவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ரிச்மண்ட் ஸ்டேஷன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் கடைசி நிறுத்தம், நாலாம் கட்டண மண்டலம். அங்கிருந்து 65 அல்லது 371 பஸ்ஸில் பீட்டர்ஷாம் வாசலுக்கு. லண்டன் பஸ்ஸில் நோட்டும் சில்லறையும் செல்லாது. கார்டைத் தட்ட வேண்டும். 2025-ல் கட்டணம் 1.75 பவுண்டாக இருந்தது. முதல் தட்டலிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மாறி ஏறும் பஸ்ஸுக்குத் தனிக் கட்டணம் இல்லை. டாக்ஸி வேண்டவே வேண்டாம். பூங்காவுக்குள் நுழைவுக் கட்டணம் கிடையாது.

அந்த இலவசத்துக்கு நன்றி சொல்ல வேண்டியது அரசருக்கு அல்ல, பீர் காய்ச்சிய ஒருவருக்கு. 1637-ல் முதலாம் சார்லஸ் இந்த இடத்தைச் சுற்றி 8 மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார், வேட்டைக்காக. ஊர்க்காரர்கள் கொதித்ததில் நடைபாதை உரிமையை விட்டுவைத்தார். நூறு வருஷம் கழித்து இளவரசி அமேலியா பூங்காவை நிர்வகிக்கும் ரேஞ்சர் பொறுப்புக்கு வந்ததும் அதையும் அடைத்தார். ஜான் லூயிஸ் என்ற உள்ளூர் பீர் ஆலைக்காரர் வழக்குப் போட்டு 1758-ல் ஜெயித்தார். கதவா, சுவரில் ஏணியா என்று கேட்டதற்கு அவர் ஏணி என்றாராம், கதவென்றால் பூட்டிவிடலாமே.

இனி போன். வேட்டை சொதப்புவது முக்கால்வாசி நேரம் பூங்காவில் அல்ல, எண்ணைத் தட்டும்போதே. கிங் ஹென்றிஸ் மவுண்ட் ஏறக்குறைய வடக்கு 51° 26.69', மேற்கு 0° 17.68'. நம் ஊர் பழக்கத்தில் விரல் தானாகக் கிழக்கைத் தட்டிவிடும். மேற்கைக் கிழக்காக்கினால் அம்புக்குறி 41 கிலோமீட்டர் தள்ளி, டார்ட்ஃபோர்டுக்கும் கிரேவ்சென்டுக்கும் நடுவே காட்டும். தசம வடிவில் அடிப்பவர்கள் தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறியை மறந்தாலும் இதே கதி. இரண்டாவது தப்பு இன்னும் நைசானது. 51° 26.69' என்பதை 51.2669 என்று அடிப்பது. 26.69 என்பது நிமிடம், 60-ஆல் வகுத்தால்தான் தசமம். சரியான எண் 51.4448. இந்த ஒரு தப்பு உங்களை 20 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிடும். கிளம்பும் முன் எல்லாப் புள்ளிகளையும் வரைபடத்தில் ஒருமுறை பாருங்கள். பூங்காவுக்கு வெளியே ஒன்று கிடந்தால் எண் தப்பு.

ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம், வரைபடத்துக்குத்தான் வேண்டும். பூங்கா நடுவில் நெட் விட்டுவிட்டு வரும் என்று வைத்துக்கொண்டு, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். டேட்டாவை அணைத்தால் முதல் முறை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். திறந்த வெளியில் ஓரிரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். திசைகாட்டி கோணலாகக் காட்டினால் போனை எட்டு வடிவத்தில் நாலு முறை சுழற்றுங்கள். போனில் காந்தக் கிளிப் வைத்த உறை இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆண்ட்ராய்டில் இந்த வேட்டைக்கான சி-ஜியோ செயலி இலவசம். ஒருநாள் வேட்டைக்குச் சந்தா கட்டாதீர்கள். அந்தக் காசு சாயங்காலத் தோசைக்கு ஆகும்.

திறந்த வானத்தின் கீழ் சாதாரண போன் 5 மீட்டர் அளவுக்குத் துல்லியம் காட்டும். இலை அடர்ந்த ஓக் மரத்தடியில், அதுவும் மழை பெய்து இலை நனைந்திருந்தால், சிக்னல் தேய்ந்தும் தெறித்தும் வந்து 15 மீட்டர் வரை அலையும். அம்புக்குறி வலம் வரும், இடம் வரும், திடீரென்று பின்னால் காட்டும். அதன் பின்னாலேயே சுற்றினால் புல்வெளியில் செக்குமாடு மாதிரித் தடம் விழும். செய்ய வேண்டியது இது: மரத்துக்கு வெளியே முப்பது மீட்டர் தள்ளி, வானம் தெரியும் இடத்தில் நின்று, புள்ளி எந்தத் திசை, எத்தனை மீட்டர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கத்திலிருந்தும் அதையே செய்யுங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடத்துக்கு நடந்து, போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

நடைக்கு வருவோம். பீட்டர்ஷாம் வாசலிலிருந்து ஒரே ஏற்றம், அரை கிலோமீட்டரில் மவுண்ட். இங்கே வைக்கத் தகுந்த கேள்வி: "தொலைநோக்கியில் குவிமாடத்தைப் பிடித்தபின் கொஞ்சம் கீழே இறக்கு, இரும்பு வாசலில் என்ன எழுதியிருக்கிறது?" சிட்மவுத் காட்டின் ஓரத்தில், அதே பார்வைக்கோட்டில், தேவாலயத்தின் 300-வது ஆண்டுக்காக 2011-ல் வைத்த அலங்காரக் கதவு அது. ‘தி வே’, வழி என்று இரண்டே சொல். எட்டாம் ஹென்றி 1536 மே 19 அன்று இந்த மேட்டில் நின்று, மனைவி ஆன் போலினின் தலை விழுந்ததற்கு அடையாளமாக லண்டன் கோட்டையிலிருந்து ஏவிய வாணத்தைப் பார்த்தார் என்று கதை சொல்வார்கள். அன்று சாயங்காலம் மனுஷர் வில்ட்ஷயரில் இருந்தார் என்றும் சொல்கிறார்கள். கேள்வித்தாளில் அதை உண்மை மாதிரிச் சேர்க்காதீர்கள்.

பக்கத்திலேயே பொயட்ஸ் கார்னர். கவிஞர் ஜேம்ஸ் தாம்சனுக்கு நினைவுப் பலகை, பாடகர் இயன் டூரிக்கு ஒரு பெஞ்ச். எண் எடுக்கவும் எழுத்து எண்ணவும் இதைவிட வசதியான இடம் இல்லை. அடுத்து பெம்ப்ரோக் லாட்ஜ்: 1847-ல் விக்டோரியா மகாராணி பிரதமர் ஜான் ரஸ்ஸலுக்குத் தங்கக் கொடுத்த வீடு. தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வளர்ந்தது இங்கேதான். கழிப்பறையை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், அடுத்த கழிப்பறை வர நேரமாகும்.

இங்கிருந்து கிழக்கே ஒன்றரை கிலோமீட்டர் பென் பாண்ட்ஸ். 1746-ல் வெட்டிய இரட்டைக் குளம், நடுவே கரை. இரண்டாம் உலகப்போரில் இதன் தண்ணீரை வடித்துவிட்டார்கள். வானத்திலிருந்து பார்க்கும் ஜெர்மன் விமானிக்கு நிலாவெளிச்சத்தில் மின்னும் குளம் ஒரு நல்ல அடையாளமாயிற்றே. அம்புக்குறி பிடித்து வருகிறவர்கள் நின்று பார்க்க வேண்டிய இடம். கரைமேல் மரமில்லாததால் ஜிபிஎஸ்ஸும் இங்கே சொன்னபடி கேட்கும்.

இந்தத் துண்டில்தான் ஆட்கள் பெரிய தப்பு செய்கிறார்கள். அம்புக்குறி நேர்கோட்டில் காட்டும். நேர்கோட்டில் பிராக்கன் என்ற பெரணிப் புதர் இருக்கும். ஜூலையில் அது ஆள் நெஞ்சுயரம். மே முதல் ஜூலை வரை பெண் மான்கள் குட்டியை அதற்குள்தான் ஒளித்து வைக்கும். நீங்கள் நுழைந்தால் தாய் பாயும், நாயோடு போனால் இன்னும் மோசம். செப்டம்பர், அக்டோபரில் ஆண் மான்களுக்கு மதம். சேற்றில் புரண்டு, கொம்பில் புல்லைச் சுற்றிக்கொண்டு, வயிற்றிலிருந்து ஒரு கர்ஜனை விடும். எப்போதும் 50 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், செல்ஃபிக்கும் சேர்த்துத்தான். 2011-ல் ஃபென்டன் என்ற நாய் ஒரு மான்கூட்டத்தையே சாலையில் விரட்ட, சொந்தக்காரர் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடிய வீடியோ உலகம் சுற்றியதே, அது இந்தப் பூங்காதான். பாதையிலேயே நடந்து, புள்ளிக்கு நேரெதிரே வந்தபின் திரும்புங்கள். தூரம் கூடினால் கூடட்டும்.

குளத்துக்கு வடகிழக்கே வைட் லாட்ஜ். பட்டத்தை உதறிய எட்டாம் எட்வர்ட் 1894-ல் பிறந்த வீடு, இப்போது ராயல் பாலே பள்ளி. குழந்தைகள் படிக்கும் இடம் என்பதால் வேலிக்கு வெளியே நின்று படிக்க முடிகிற கேள்வியாக மட்டும் வையுங்கள். பிறகு தெற்கே இசபெல்லா தோட்டம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் போனால் ஓடையின் இரு கரையிலும் அசேலியா பூ கொட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் அழகான மரத்தோப்பு, அவ்வளவுதான். நேரம் குறைவென்றால் தாண்டிப் போங்கள். மரங்கள் நெருங்கி நிற்பதால் ஜிபிஎஸ் மிக மோசமாக ஆடும் இடமும் இதுதான். கடைசிப் புள்ளியை இதற்குள் வைக்காதீர்கள்.

கடைசிப் புள்ளிக்கு வழக்கமான முறை: வடக்கு 51° 25.அஆஇ என்று விட்டு, எடுத்த எண்களை அந்த இடங்களில் நிரப்புவது. இந்த அட்சரேகையில் இ ஒன்று தப்பினால் 1.85 மீட்டர் விலகும், கவலையில்லை. ஆ தப்பினால் 18 மீட்டர், மரம் மாறிப்போகும். அ தப்பினால் 185 மீட்டர்! கிழக்கு-மேற்கில் இதே தப்புகள் 1.2, 12, 116 மீட்டர். அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாத விடையை (ஆண்டு மாதிரி) அ-வுக்கும், எண்ணும்போது ஒன்று கூடக்குறைய வரக்கூடிய விடையை (பெஞ்சுப் பலகை, கம்பி, படி) இ-க்கும் கொடுங்கள். கூடவே "மூன்று எண்களையும் கூட்டினால் 14" என்பது போல ஒரு சரிபார்ப்புக் கூட்டலும் போட்டுவிட்டால், குழந்தைகளோடு எட்டு கிலோமீட்டர் நடந்தபின் முட்டுச்சந்தில் நிற்க வேண்டியிருக்காது. கொட்டை எண்ணச் சொல்லும் கேள்வி, பூ எண்ணச் சொல்லும் கேள்வி எல்லாம் வேண்டாம். அடுத்த மாதம் விடை மாறிவிடும்.

தெற்கே கிங்ஸ்டன் வாசலில் வெளியே வரலாம். மொத்தம் சுமார் 8 கிலோமீட்டர், கேள்விகளோடு நாலு மணி நேரம், போன் சார்ஜில் பாதிக்கு மேல் காலி. பவர் பேங்க் இல்லாமல் வராதீர்கள். நடந்து வருகிறவர்களுக்கு வாசல் பொதுவாக ராத்திரியும் திறந்திருக்கும். பிப்ரவரியிலும் நவம்பரிலும் மான் எண்ணிக்கையைக் குறைக்கும் வேலை நடப்பதால் ராத்திரி 8 மணிக்கு மூடிவிடுவார்கள்.

மத்தியானத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். குளக்கரையில் உட்கார்ந்து தின்றால் கேட்பாரில்லை, மான் மட்டும் வந்தால் எழுந்து நகருங்கள். அதற்கு ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. சாயங்காலம் கிங்ஸ்டனிலிருந்து 131-ல் ஏறினால் நேரே டூட்டிங் பிராட்வே. இறங்கின தெருவிலேயே தமிழ்க்கடைகள், தோசையும் கொத்துரொட்டியும்.

கடைக்குள் போகுமுன் பேன்ட்டைச் சுருட்டி முழங்கால் மடிப்பு, காலுறை ஓரம், இடுப்புப் பட்டைக்கு உள்ளே எல்லாம் பாருங்கள், குழந்தைகளுக்குக் காதுக்குப் பின்னாலும். எள்ளளவு கறுப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது உண்ணி. லைம் நோயைக் கொண்டுவருவது அதுதான். நெருப்பு, எண்ணெய் என்று வைத்தியம் செய்யாமல், நுனி கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல் நேரே மேலே இழுங்கள். எந்தத் தேதியில் எடுத்தீர்கள் என்று போனில் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.