நூலில் சுழலும் வாத்து

கூடாரத்துக்குள் நெருப்பின் அருகே, கனடா வாத்து ஒன்று நூலில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த, கனடாவின் பூர்வகுடிகளான க்ரீ இனத்து மூதாட்டி அதை விரலால் மெல்லச் சுண்டிவிட்டார். நூல் ஒரு பக்கமாக முறுக்கேறி, ஒரு கணம் நின்று, பிறகு தானாகவே மறுபக்கம் சுழன்றது. உருகிய கொழுப்பு கீழிருந்த தட்டில் சொட்டுச் சொட்டாக விழ, தரையில் பரப்பியிருந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத் தழைகளின் வாசனை கூடாரமெங்கும் நிறைந்திருந்தது.

இது கனடாவின் கியூபெக் மாகாணத்தின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய சிசாசிபி என்ற ஆற்றங்கரை ஊர். ‘பெரிய ஆறு’ என்பது பெயரின் பொருள்.

அந்த ஆற்றில்தான் 1971இல், க்ரீ மக்களை ஒரு வார்த்தை கேட்காமல், மாபெரும் நீர்மின் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் சென்று போராடியதன் விளைவாக 1975இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும், மாறிய நீரோட்டம் கரையை அரித்துவிடும் என்ற அச்சத்தால், முகத்துவாரத்திலுள்ள ஃபோர்ட் ஜார்ஜ் தீவில் வாழ்ந்தவர்கள் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே குடிபெயர நேர்ந்தது. பல வீடுகளை அப்படியே பெயர்த்து ஆற்றைக் கடந்து கொண்டுவந்தார்கள்.

இத்தகைய பயணங்களில் கைவினைப் பொருள்களைக் காட்டி அனுப்பிவிடுவதே வழக்கம். அந்த மூதாட்டியோ உணவு முடிந்ததும் எங்களைக் கரைக்கு அழைத்துச் சென்றார். அதற்காக அவருக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

“எங்கள் முன்னோரின் கல்லறைகள் அங்கேயே இருக்கின்றன” என்று தீவைக் காட்டினார். கோடைதோறும் ஊரே படகேறி அங்கு போய்க் கூடாரமடித்துத் தங்குமாம்.

பேசும்போதும் அவர் கண்கள் ஆற்றைவிட்டு அகலவில்லை.