ஆறு மணி நேரம் ஓட்டிப் போய் ஒரே ஒரு ஸ்விங்

அமெரிக்க பேஸ்பால் டிராஃப்ட், அதாவது தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. பிப்ரவரி முதல் ஜூலை வரை, ஒரு அணிக்காக டெக்சாஸில் ஆட்டக்காரர்களைத் தேடும் ஸ்கவுட் ஒருவருக்கு உதவியாளாக இருந்தேன். கல்லூரி பேட்டர்களின் எண்களைத் திரட்டுவது, வீடியோ எடுப்பது, அறிக்கைக்கு முதல் வரைவு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அடுத்த வருடம் இந்த வேலைக்கு வருகிறவர்கள் நான் பட்ட பாட்டைப் படக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் பட்டியலில் முதல் பெயர், தெற்கு டெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரியின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். மார்ச் கடைசியில் அவன் பேட்டிங் சராசரி .390, ஆயிரத்துக்கு 390 தடவை வெற்றிகரமாக அடிக்கிற கணக்கு. மேஜர் லீக் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பால் கோல்ட்ஷ்மிட் இதே மாநிலத்தில் டெக்சாஸ் ஸ்டேட்டில் ஆடி, 2009இல் எட்டாவது சுற்றில் போனவர். அந்த மாதிரி ஒருவன் என் கையில் கிடைத்துவிட்டான் என்றே நம்பினேன்.

டாலஸிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டிப் போனேன். வெள்ளிக்கிழமை ஆட்டம். அன்றைக்குத்தான் எதிரணி தன் முதல்தரப் பிட்சரை இறக்கும், பையனின் உண்மையான தரம் தெரியும். ஆனால் அவனுக்கு அடிக்கிற மாதிரி பந்தே போடவில்லை. நான்கு தடவை அடிக்க வந்தான், மூன்று தடவை வாக், அதாவது நான்கு மோசமான பந்துகளுக்காக அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது. மிச்சம் ஒரு தடவை முதல் பந்தையே தூக்கி அடித்து அவுட். சனிக்கிழமை முழுக்க மழை. ஒரே ஒரு ஸ்விங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அதைவிட வயிற்றெரிச்சல், ஆட்டத்துக்கு முந்தைய பேட்டிங் பயிற்சியைத் தவறவிட்டது. ஆறரை மணி ஆட்டத்துக்கு ஆறு மணிக்குப் போய் நின்றேன். மற்ற ஸ்கவுட்டுகள் நான்கு மணிக்கே வந்து, கூண்டுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருந்தார்கள். தயவுசெய்து சீக்கிரம் போய்விடுங்கள். ஆட்டத்தில் ஒரு பந்துகூடக் கிடைக்காமல் போகலாம், பயிற்சியில் இருபது முப்பது ஸ்விங்காவது கிடைக்கும்.

இரண்டாவது தடவை போனால் அவன் ஆடவே இல்லை, தொடையில் பிடிப்பாம். முந்தின நாளே கல்லூரியின் விளையாட்டு அலுவலகத்துக்குப் போன் செய்திருந்தேன். "அணி விவரம் ஆட்டத்துக்கு முன்னால் வரும், அப்போது பாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இன்னொரு ஆறு மணி நேரம் வீண். அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: கிளம்புவதற்கு முன் எதிரணிப் பயிற்சியாளர் யாரிடமாவது கேட்டுவிடுவது. யார் ஆடுகிறான், யார் ஆடவில்லை என்று அவர்களுக்கு எப்படியும் தெரிந்திருக்கும்.

வேறு வழியில்லாமல் எண்களைப் பிரித்துப் பார்த்தேன். வாரநாள் ஆட்டங்களைக் கழித்தேன். அவற்றில் பந்து போடுகிறவர்கள் பெரும்பாலும் அணியின் கடைசி வரிசைப் பிட்சர்கள். மணிக்கு 92 மைலுக்கு மேல் போடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டேன். மிஞ்சியது 31 வாய்ப்பு, அதில் 12 ஸ்டிரைக்அவுட், மூன்று ஸ்டிரைக் விழுந்து அவுட். வீடியோவில் காரணம் தெரிந்தது: மார்புயரத்தில் உள்ளே வரும் வேகப்பந்துக்கு அவன் ஒவ்வொரு தடவையும் தாமதம். கல்லூரியில் உலோக மட்டை, தொழில்முறையில் மர மட்டை. 2011இல் விதியை மாற்றி உலோக மட்டையின் துள்ளலைக் குறைத்துவிட்டார்கள் என்றாலும், கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்ட பந்துகூட அதில் உள்வட்டத் தடுப்பாளர்களைத் தாண்டி விழுந்துவிடும். மர மட்டை அங்கே உடையும். அதனால்தான் கல்லூரி ஆட்டக்காரர்கள் ஆடும் கேப் காட் கோடை லீகை எல்லாரும் பார்க்கிறார்கள், 1985இலிருந்து அங்கே மர மட்டைதான். நிக் கொன்சாலெஸ் 2019இல் நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் .432 அடித்தபோது, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,900 அடி உயரத்தில் இருக்கும் ஊர், பந்து தானாகப் பறக்கும் என்ற சந்தேகம் இருந்தது. அந்தக் கோடையில் கேப் காட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அடுத்த வருடம் பிட்ஸ்பர்க் அவரை ஏழாவதாக எடுத்தது. என் பையன் எந்தக் கோடையிலும் மர மட்டை பிடித்ததில்லை.

மூன்றாவது பயணத்தில்தான் அதிர்ஷ்டம். அதுவும் எதிரணியின் செகண்ட் பேஸ்மேன் வழியாக வந்தது. இரண்டு ஸ்டிரைக் விழுந்ததும் மட்டையில் கையை ஒரு விரற்கடை மேலேற்றினான், காலைத் தூக்குவதையும் நிறுத்தினான். அடுத்தடுத்து நான்கு பந்துகளைத் தட்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே ஃபௌல் ஆக்கினான். பத்தாவது பந்து வெளியே வளைந்து ஓடும் ஸ்லைடர். அதுவரை அந்தப் பந்துக்கு மூன்று பேர் ஏமாந்திருந்தார்கள். இவன் தோள்கூட அசையவில்லை. வாக். அடுத்த தடவை ஷார்ட்ஸ்டாப் பக்கம் பந்தை உருட்டிவிட்டு ஓடினான், முதல் பேஸுக்கு என் ஸ்டாப்வாட்ச்சில் 4.15 வினாடி. வலக்கைப் பேட்டருக்கு 4.3 வந்தாலே சராசரி.

பெயரைப் பார்த்தேன், இரண்டாம் ஆண்டு மாணவன். டிராஃப்டில் எடுக்க, நான்கு வருடக் கல்லூரி என்றால் மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டும், அல்லது 21 வயது ஆகியிருக்க வேண்டும். நோட்டை மூடிவிட்டேன். பக்கத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியவர், "என் பேரன்தான். பள்ளியில் ஒரு வருடம் பிந்திவிட்டது. வர்ற மே மாசம் 21 முடியுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஆட்டக்காரர் பட்டியலில் பிறந்த தேதி கிடையாது. அலுவலகத்தில் கேட்டால் தர மாட்டோம் என்றார்கள். சரி, எங்கள் அணியின் கேள்வித்தாளைப் பையனுக்கே அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து நிரம்பி வந்தது, பிறந்த தேதிக் கட்டத்தைத் தவிர! திருப்பி அனுப்பி, நினைவூட்டி, கடைசியில் எங்கள் கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு வந்து சேர்ந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களின் வயதை பிப்ரவரியிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபர்ஸ்ட் பேஸ்மேனை நாங்கள் எடுக்கவில்லை. ஒன்பதாவது சுற்றில் செகண்ட் பேஸ்மேனின் பெயரை வாசித்த அரை நிமிடத்தில் ஸ்கவுட்டிடமிருந்து போன். "உன் மே மாசத்துப் பையன் நம்ம அணிக்கு வந்துட்டான்" என்றார். அந்தத் தாத்தாவின் நம்பரை வாங்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் அப்போது தோன்றியது.