உள்ள போறது ஈஸி, வெளிய வர்றது?

ஃப்ராண்டியர் மார்க்கெட்னு (இன்னும் சின்னதா, ஆரம்ப கட்டத்துல இருக்குற வளரும் நாட்டுச் சந்தை) சொன்னாலே எல்லாரும் ஜிடிபி வளர்ச்சி, இளைஞர் எண்ணிக்கைன்னு ஆரம்பிச்சிடுறாங்க, நான் இப்பல்லாம் முதல்ல பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், போட்ட காச டாலரா மாத்தி வெளிய எடுக்க முடியுமா?

ரஷ்யாவையே எடுத்துக்கோங்க. அது அப்ப ஃப்ராண்டியர் கூட இல்ல, அதுக்கு ஒரு படி மேல, எமர்ஜிங் மார்க்கெட்டா இருந்துச்சு. 2022 பிப்ரவரில போர் ஆரம்பிச்சுது, மார்ச் 9 அன்னிக்கு, பங்குச்சந்தை குறியீடு போடுற எம்எஸ்சிஐ கம்பெனி தன்னோட எமர்ஜிங் இன்டெக்ஸ்ல இருந்து ரஷ்ய பங்குகள தூக்குச்சு, அதுக்குப் போட்ட விலை கிட்டத்தட்ட பூஜ்யம். கம்பெனிங்க அப்படியேதான் இருந்துச்சு, எண்ணெய் வித்துட்டுதான் இருந்துச்சு, ஆனா வெளிநாட்டுக்காரனால விக்க முடியல, அவ்ளோதான்.

எகிப்து வேற கதை. டாலர் தட்டுப்பாடு, பக்கத்துல காசா போர், செங்கடல் பிரச்சனைல சூயஸ் கால்வாய் வருமானமும் அடி வாங்குச்சு. 2024 மார்ச் 6, ஒரே நாள்ல டாலருக்கு 31 எகிப்து பவுண்டுல இருந்து சுமார் 50 பவுண்டா மதிப்பு சரிஞ்சுது. அதுக்கு முந்தின மாசம் 20 சதவீதத்துக்கு மேல வட்டின்னு ட்ரெஷரி பில் (அரசாங்கத்தோட குறுகிய காலக் கடன் பத்திரம்) வாங்கின வெளிநாட்டுக்காரனுக்கு டாலர் கணக்குல நஷ்டம், அடுத்த வாரம் வாங்கினவனுக்கு வேட்டை!

இத்தனைக்கும் பிப்ரவரி கடைசிலயே எகிப்தோட ராஸ் எல் ஹெக்மா கடற்கரை திட்டத்தையும் சேத்து அமீரகம் அந்த நாட்டுல 35 பில்லியன் டாலர் போடப்போகுதுன்னு சேதி வந்துடுச்சு. நானும் படிச்சேன், ஏதோ ரியல் எஸ்டேட் டீலுன்னு, உள்ள வரப்போற டாலர யோசிக்காம, ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிட்டேன்.