எத்தனை எழுத்து சேர்ந்தால் வசனம்?

எங்கள் வேதாகமக் கல்லூரியில் தரையில் கட்டம் போட்டு எபிரேய எழுத்துகளைக் கற்பிக்கும் ஆட்டத்தை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்ட சக ஆசிரியர்களிடம், சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் தூசி மட்டுமே காரணமாக இருந்திருந்தால், முதலாண்டு வகுப்பில் அன்று நடந்த பேச்சை இத்தனை முறை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆட்டம் எளியது. 22 எழுத்துகளோடு, சொல்லின் இறுதியில் உருமாறும் ஐந்தின் மாற்று வடிவங்களையும் சேர்த்து 27 கட்டங்கள். நான் எழுத்தின் பெயரைச் சொன்னதும் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் ஓடிப்போய் உரிய கட்டத்தில் நிற்க வேண்டும். உருவத்தில் ஒத்திருக்கும் பேத்துக்கும் கப்புக்கும், தாலெத்துக்கும் ரேஷுக்கும் வேறுபாடு பிடிபடாதவர் தவறான இடத்தில் போய் நிற்பார், வகுப்பே சிரிக்கும், தாலெத்தின் வலப்புற மூலையில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு முனையை அவர் அதற்குப் பிறகு எளிதில் மறப்பதில்லை. அடுத்த சுற்றில் நான் ஒரு சொல்லைச் சொல்ல, எழுத்தெழுத்தாக மிதித்து வர வேண்டும். பேத், நூன் என்றால் மகன்; ஆனால் நூன் அங்கே கடைசியில் வருவதால், கோட்டுக்குக் கீழே நீளும் இறுதி வடிவத்தில்தான் நிற்க வேண்டும் என்பது அந்தச் சுற்றில் நான் வைத்திருக்கும் பொறி.

அன்று எல்லாரும் செருப்புக் காலோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். லாமெத்தின் நீண்ட கழுத்து பாதி அழிந்து, ஒரு செருப்புத் தடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் மட்டும் சுவரோரம் நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர். பல ஆண்டுகள் கிராம சபைகளில் உபதேசியாராக இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். மற்ற மாணவர்களுக்கு அண்ணன்.

“நீங்க வரலையா?” என்றேன்.

“இங்கேயிருந்தே கையைக் காட்டிடறேன் ஐயா. கால் வைக்க மனசு வரல.”

“வெறும் எழுத்துதானே. வேத வசனமா இருந்தா நானே மிதிக்க விடமாட்டேனே.”

“எத்தனை எழுத்து சேர்ந்தா வசனம், ஐயா?”

அவர் வாதாடவில்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கும் குரலில்தான் கேட்டார். ஆட்டம் முடியட்டும், பேசுவோம் என்று சொல்லிவிட்டுச் சாமெக்கை அழைத்தேன். மணி அடித்தது. பேசவில்லை.

என் பக்கத்து நியாயங்கள் பலவீனமானவை என்று நான் இன்றும் நினைக்கவில்லை. நாம் கற்பிக்கும் இந்தச் சதுர வடிவமே, பாபிலோன் சிறையிருப்புக்குப் பின் யூதர்கள் அரமேயரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான். அதற்கு முன் எபிரேயம் வேறு உருவத்தில் எழுதப்பட்டது. இரவல் வாங்கிய கோடுகளுக்குள் புனிதம் எங்கிருந்து வந்து குடியேறும்? எழுத்தை வைத்து விளையாடுவது யூதர்களுக்கும் புதிதல்ல. அனுக்கா பண்டிகையில் பிள்ளைகள் சுற்றும் பம்பரத்தின் நான்கு பக்கங்களிலும் எழுத்துகள்தாம் இருக்கின்றன. (அதை நான் வகுப்புக்குக் கொண்டுவந்ததில்லை. எந்தப் பக்கம் விழுகிறதோ அதற்கேற்பக் காசு எடுப்பதும் வைப்பதுமான ஆட்டம் அது. வேதாகமக் கல்லூரியில் சூதாட்டம் என்று யாராவது முதல்வரிடம் போய்விடுவார்கள்.) இடைக்கால ஜெர்மனியில் பிள்ளைக்கு முதன்முதலாக எழுத்து காட்டும் நாளில், பலகையிலிருந்த எழுத்துகளின்மேல் தேனைத் தடவி நக்கச் சொல்வார்கள். எழுத்தை நக்கலாம் என்றால் மிதிப்பதில் என்ன?

இந்த இடத்தில்தான் என் வாதம் எனக்கே இடிக்கிறது. நாக்கும் காலும் நம் ஊரில் ஒன்றல்ல. காலில் புத்தகம் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாம். இது மோசேயின் கட்டளை அல்ல, இந்த மண்ணின் பழக்கம் என்று சொல்லி ஒதுக்கலாம். ஆனால் அவருக்கு ஆலெப், பேத் என்பவை என் வகுப்பில் புதிதாகக் கேட்ட பெயர்கள் அல்ல. தமிழ் வேதாகமத்தில் 119ஆம் சங்கீதத்தின் 176 வசனங்களும் எட்டெட்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதிக்கு மேலும் ஓர் எழுத்தின் பெயரோடு அச்சாகியிருக்கின்றன. அதைச் சபையில் எத்தனையோ முறை வாசித்தவருக்கு, அந்தப் பெயர்கள் ஏற்கெனவே வேதத்தின் பகுதிதானே?

அவருடைய கேள்வியை யூத மத ஆசிரியர்களான ரபிமார் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கேட்டு, பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. அவர்களுடைய சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் ஷெவுவோத் பகுதியின்படி, கடவுளின் நான்கெழுத்துத் திருநாமத்தை எழுதத் தொடங்கி யோத், ஹே என்ற இரண்டு எழுத்தோடு நின்றாலும் அதை அழிக்கக் கூடாது. கடவுளைக் குறிக்கும் எலோகிம் என்பதன் முதல் இரண்டான ஆலெப், லாமெத்தையும் அழிக்கக் கூடாது. ஆனால் கடவுளின் இன்னொரு பெயரான ஷத்தாய் என்பதில் ஷீன், தாலெத் மட்டும் எழுதியிருந்தால் அழிக்கலாம். எபிரேயத்தில் எழுத்துகளே எண்களாகவும் வழங்கும்; அந்த எண்களைக் கற்பிக்கும்போது 15ஐ யோத், ஹே என்று பத்தும் ஐந்துமாக எழுதாமல், தேத், வாவ் என்று ஒன்பதும் ஆறுமாக எழுதுவதற்கு இதே அச்சம்தான் காரணம் என்று ஆண்டுதோறும் நானே சொல்கிறேன், ஒரு சுவையான துணுக்கைப் போல.

என் சொற்பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நான்கெழுத்துத் திருநாமம் அதில் இல்லை. யோசித்து விலக்கியதாக நினைவில்லை. கை தானாகவே தவிர்த்திருக்கிறது. வெறும் எழுத்துதான் என்றால் ஏன் தவிர்த்தேன்? ஆலெப், லாமெத் மட்டும் இருந்தது, ‘நோக்கி’ என்ற இடைச்சொல்லாக. உயிரொலியைக் காட்டும் புள்ளிகள் இல்லாமல் தரையில் எழுதும்போது அது இடைச்சொல்லா, கடவுளைக் குறிக்கும் சொல்லா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் நானும் ஒரு கோடு போட்டுத்தான் வைத்திருந்தேன். அவருடைய கோடு என்னுடையதற்குச் சற்று முன்னால் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் இப்படி யோசித்துக்கொண்டே போனால் கரும்பலகையை அழிக்கவும் அஞ்ச வேண்டியிருக்கும்.

ஆட்டத்தால் பெரும் பலன் விளைந்தது என்றாவது சொல்லி ஆறுதல் அடையலாம் என்றால், அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. துள்ளி ஓடியவர்கள் பெயர்களை விரைவில் பிடித்துக்கொண்டார்கள், எபிரேயம் என்றாலே வரும் பயம் போயிற்று. ஆனால் புள்ளிகள் மொய்க்கும் அச்சுப் பக்கத்தைத் திறந்ததும் அவர்களும் தாலெத்தை ரேஷ் என்றுதான் வாசித்தார்கள். ஆதியாகமம் 10:4இல் தாலெத்தோடு தொதானீம் என்று இருக்கும் பெயர், 1 நாளாகமம் 1:7இன் எபிரேயத்தில் ரேஷோடு ரொதானீம் என்று இருக்கிறது. வேதத்தைப் பிரதியெடுத்தவர்களுக்கே தடுமாற்றம் என்றால் என் மாணவர்களை நான் என்ன சொல்ல? சுவரோரம் நின்றவருக்கு எழுத்துகள் பிடிபட அதிக நாள் ஆயிற்று. ஆடாததாலா, வயதாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

அட்டைகளுக்கு மாறினேன். மேசைமேல் ஒத்த எழுத்துகளை ஜோடி சேர்க்கும் அந்த ஆட்டத்தில் அவர் முழு மூச்சாக இறங்கி, ஹேயா ஹேத்தா என்று எதிரணியோடு மல்லுக்கட்டி, மதிப்பெண்ணுக்காக என்னிடமே சண்டை பிடித்தார். தல்மூத்தில் இருப்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்டது சட்டத்தையா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

ஒருவருக்காக மொத்த வகுப்பின் ஓட்டத்தையும் நிறுத்திவிட்டாய், நாளைக்கு ஒருவர் அட்டை கீழே விழுகிறது என்பார், அப்போது என்ன செய்வாய் என்கிறார் நண்பர் ஒருவர். பிற்பகல் வகுப்பின் தூக்கத்தை அட்டைகளால் விரட்ட முடிவதில்லை என்பதால், அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆண்டு வகுப்பில் தயங்கி நிற்பவர் யாரும் இல்லை. ஆனாலும் தரையில் எழுதவில்லை. அதை மரியாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்ற தயக்கமாகவும் இருக்கலாம்.