மேல்தளத்து வீட்டுக்கு வராத மானியம்

சென்னையின் தென்புறத்தில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசித் தளத்தில் என் சித்தி இருக்கிறார். சென்ற மே மாதம் அங்கே தங்கியிருந்தபோது, இரவு பத்து மணிக்குப் பரணிலிருந்து பாயை எடுக்க முக்காலியில் ஏறினேன். கூரையில் கை பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டேன். பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் இரவில் வீட்டுக்குள் இறக்க, மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி வீசுகிறது. சித்தி தினமும் மாலையில் மொட்டை மாடியில் நான்கு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருகிறார்.

வீட்டு மின்சாரத்துக்கு மானியமே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் அதற்குத் தனக்கென்று ஒரு கூரை வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் தருகிறார்கள். மோட்டாரும் லிஃப்டும் அதில் ஓடும், தகடுகளின் நிழலும் ஓரளவு உதவும். சித்தியின் வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்துக்கென்று அதில் எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டமும் இப்படித்தான்: 300 சதுர அடி வீட்டுக்கான 1,80,000 ரூபாயில் 30,000 ரூபாய் ஐந்து சூரிய விளக்குகளுக்குப் போனது, கூரை வழக்கமான கான்கிரீட்டாகவே இருந்தது.

வெப்பத்தைக் கூரையிலேயே தடுப்பது நம் கொத்தனார்களுக்குப் புதிதன்று. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். இன்று வெள்ளைக் கூலிங் டைல்ஸும் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சும் இருக்கின்றன. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, அரசு கட்டித்தரும் ஏழைகளின் வீடுகளையும் அதற்குள் கொண்டுவந்தது.

பழைய குடியிருப்புகளுக்கும் சதுர அடிக் கணக்கில் கூரைக்கென்றே மானியம் வேண்டும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, வெக்கை மட்டும் மேல்தளத்தாருக்கு. கீழ்வீட்டார் பங்கு கொடுக்கத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். தூசி படிந்து வெள்ளை மங்கினால் பூச்சின் பலனும் குறையும் என்பதால், மறுபூச்சுக்கான பணமும் அதே மானியத்தில் சேர வேண்டும். இவ்விரண்டையும் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சித்தி மேல்தளத்து வீடுகளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.