5,000 பீப்பாய் என்ற கணக்கு

கடலில் எண்ணெய் கொட்டியது என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு?" என்றுதான். முதல் நாட்களில் வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மெக்ஸிகோ வளைகுடாவில் 2010-இல் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தையே பாருங்கள்.

ஏப்ரல் 20 இரவு, கடலடியில் எண்ணெய்க் கிணறு தோண்டிய அந்தத் துளைமேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். 24-ஆம் தேதி, நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிகிறது என்றது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. 28-ஆம் தேதி அது 5,000 ஆனது. வாரக்கணக்கில் செய்திகளில் ஓடியது இந்த 5,000தான். ஆகஸ்டில் அமெரிக்க அரசின் அறிவியல் குழு முடித்த கணக்கோ, தொடக்கத்தில் 62,000, கிணற்றை மூடும்போது 53,000.

பத்து மடங்குக்கு மேல் எப்படித் தவறியது? 5,000 என்பது கடல் மேல் தெரிந்த படலத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. படலத்தின் பரப்பை வானிலிருந்து அளந்துவிடலாம், கனத்தைத்தான் கண்ணால் பிடிக்க முடியாது. ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம் என்றால் சதுர கிலோமீட்டருக்கு 1,000 லிட்டர். கடல் மாசைக் கண்காணிக்கும் ஐரோப்பாவின் பான் உடன்பாட்டு நிற அட்டவணைப்படி வெள்ளி மினுக்கம் 0.04 முதல் 0.3 மைக்ரான், வானவில் நிறம் 0.3 முதல் 5 மைக்ரான். வானவில் என்ற ஒரே நிறத்துக்குள் 16 மடங்கு வித்தியாசம்! அதோடு கிணற்று வாய் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. வழியிலேயே சிதறி நீருக்குள் தங்கிய எண்ணெய் படலக் கணக்கில் வராது.

மே 12-இல் கசியும் குழாயின் வீடியோ வெளியானது. மறுநாளே அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் வெர்லி நாளொன்றுக்கு 70,000 பீப்பாய், 20 சதவீதம் கூடலாம் குறையலாம் என்றார். ஃபிரேமுக்கு ஃபிரேம் சுழல்கள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்துப் போட்ட கணக்கு அது. வெளிவருவதில் எரிவாயு எத்தனை பங்கு என்று தெரியாமல் எண்ணெயைப் பிரிக்க முடியாது. அதுதான் இந்த முறையின் பலவீனம். ஆனால் முறையையும் பிழை வரம்பையும் சேர்த்துச் சொன்னதால் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. நான் முதலில் தேடுவது இந்த இரண்டையும்தான்.

அடுத்து, அந்த அளவால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். அமெரிக்க நீர்த்தூய்மைச் சட்டத்தில் அப்போது பீப்பாய்க்கு 1,100 டாலர் வரை அபராதம் இருந்தது, கடும் அலட்சியம் என்றால் 4,300 வரை. நீதிமன்றத்தில், கிணற்றை நடத்திய பிபி நிறுவனம் கடலில் கலந்தது 24.5 லட்சம் பீப்பாய் என்றது, அரசு 41.9 லட்சம் என்றது. 2015-இல் நீதிபதி 31.9 லட்சம் என்று தீர்த்தார். வழக்காடிய அரசையும் நடுநிலை என்று கொள்ள முடியாது. இன்னொன்று, பலரும் எழுதும் 49 லட்சம் என்பது கிணற்றிலிருந்து வெளியேறியது. குழாய் வழியே கப்பல்களில் பிடித்த சுமார் 8 லட்சமும் அதில் அடக்கம். எது எந்த அளவு என்று பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். அமெரிக்க கேலன் கணக்கு வந்தால் 42-ஆல் வகுத்துப் பீப்பாயாக்குங்கள்.

2010 ஆகஸ்ட் 4-இல் வந்த அமெரிக்க அரசின் அறிக்கையை வைத்து, முக்கால்வாசி எண்ணெய் போய்விட்டது என்று செய்திகள் வந்தன. அறிக்கையைத் திறந்தால் எரித்தது 5, வழித்தெடுத்தது 3, கிணற்று வாயில் பிடித்தது 17 சதவீதம். 25 சதவீதம் ஆவியானது அல்லது கரைந்தது. அந்த முக்கால்வாசியில் மிச்சமுள்ள 24 சதவீதம் "சிதறடிக்கப்பட்டது", அதாவது நுண்துளிகளாகக் கடல்நீரிலேயே இருந்தது.