மூன்றாம் கியர் மட்டும் ஏன் நழுவியது?

1985-இல் திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தை வேலை நிமித்தம் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கடப்பவன் நான். சென்ற மாதம் பாலத்தின் நடுமேட்டில் ஏறும்போது மூன்றாம் கியர் தானாகவே கழன்று, எஞ்சின் வெறுமனே அலறியது. பின்னால் மற்ற வண்டிகள் நெருங்கி வந்துகொண்டிருந்த அந்த நொடியின் பதற்றம் இன்னும் தீரவில்லை.

வீட்டில் முதலில் வெளிப்புறத்தைச் சோதித்தேன். கியர் மிதி தன் தண்டில் இறுக்கமாகவே இருந்தது. கிளட்ச் கேபிளின் தளர்வும் சரியாக இருந்தது. மிதி தவறான உயரத்தில் இருந்தால் காலணி அதை அறியாமல் தட்டிவிடும் என்பதால், அதையும் பார்த்துக்கொண்டேன்.

மற்ற கியர்கள் நழுவவில்லை. மூன்றாவது மட்டும், அதுவும் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதுதான் நழுவியது. நோயைக் காட்டிக்கொடுப்பது இந்த வேறுபாடே என்பது என் துணிபு. பல கியர்கள் நழுவினால் கியரை நிலைநிறுத்தும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். ஒன்று மட்டும் பாரத்தில் நழுவினால், பல்சக்கரங்களின் பக்கவாட்டில் ஒன்றையொன்று கவ்வும் முட்டுப்பற்களின் விளிம்பு மழுங்கியிருக்கும், அல்லது சக்கரத்தை நகர்த்தும் கவை வளைந்திருக்கும்.

"தம்பி, எண்ணெய் மாற்றினால் இது தீராது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்" என்றார் ஜெலுத்தோங் பட்டறை அண்ணன். பிரித்தபோது இரண்டு கோளாறுகளுமே இருந்தன. கவையோடு, கவ்வும் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். மழுங்கிய பழைய பல், புதியதையும் விரைவில் தேய்த்துவிடும்.